ஒரே குரலில் இரண்டு விமானங்கள்

வானத்தில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிய விமானி எங்கள் தளத்தில் ஒரே ஒருவர்தான். "இறக்கை இல்லை. புகை இல்லை. லாரி அளவு, சாம்பல் நிறம். என் கூடவே வந்தது" என்று எழுதினார். அவரை வடக்கே அனுப்பி மூளையைப் படம் எடுத்தார்கள். மூன்று மாதம் மனநல மருத்துவர் முன்னால் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஸ்டோர்ஸில் பூட்ஸ் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அப்படி எழுதவில்லை. ரேடாரில் கோளாறு, ரேடியோவில் இரைச்சல், பெட்டி சரியாகப் பதில் சொல்லவில்லை என்று எழுதினார்கள். அந்தப் பெட்டியைச் சரிசெய்ய வேண்டியவன் நான்.

பெட்டி என்றால் ஐ.எஃப்.எஃப். தரையிலிருந்து ரேடார் 'நீ யார்' என்று கேட்கும். விமானத்திலிருக்கும் பெட்டி அன்றைய ரகசிய எண்ணைத் திருப்பிச் சொல்லும்; எதிரே வரும் விமானத்தையும் அதே கேள்வி கேட்கும். சரியான எண் வந்தால் நம்மவன். வராவிட்டால் தளத்தைச் சுற்றி நிற்கும் ஏவுகணைகள் அந்தப் பக்கம் திரும்பும்.

நான் சார்ஜன்ட் மாசிலாமணி. பதினெட்டு வருஷ சர்வீஸ். அப்பா க.பரமத்திப் பக்கம் குவாரியில் கல் உடைத்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் உடைத்திருக்கிறேன். சூப்பர்வைசர் மேட்டில் நின்று லோடைப் பார்ப்பான். உடைத்த கையை ஒரு நாளும் பார்த்ததில்லை. விமானப் படைக்கு வந்தபிறகும் எனக்கு அந்த எண்ணம் போகவில்லை. மேலே நிற்பவன் லோடை மட்டும்தான் பார்ப்பான். இங்கே என் லோடு என் கையெழுத்து.

விமானி 'பழுது' என்று எழுதிவிட்டால் அந்த விமானம் அசையக் கூடாது. நான் சரிசெய்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்தவர் ஏறலாம். இல்லாத பழுதை எப்படிச் சரிசெய்வது? 'சோதித்தேன், பழுது இல்லை' என்று இரண்டு முறை எழுதலாம். மூன்றாவது முறை எழுதினால், வேலை தெரியாதவன் என்று என் மேல் விசாரணை வரும். பெட்டிக்குள் இருக்கும் நல்ல சர்க்யூட் கார்டைக் கழற்றி மத்தியப் பணிமனைக்கு அனுப்பினால், நல்லதை ஏன் கழற்றினாய் என்று அங்கிருந்து ஒரு விசாரணை வரும். அதனால் மூடியைத் திறக்காமலே 'கார்டு மாற்றப்பட்டது' என்று எழுதுவேன். ஸ்டோர்ஸ் அலமாரியில் சீல் பிரிக்காமல் கிடக்கும் ஏதாவது ஒரு கார்டின் எண்ணை அதில் சேர்த்துவிடுவேன். அவர்கள் ஒரு பொய், நான் ஒரு பொய். இரண்டு வருஷம் இப்படித்தான் ஓடியது. போன வருஷம் காகிதம் போய் டேப்லெட் வந்தது. எழுதிய நொடியே காற்றில் ஏறித் தலைமையகத்துக்குப் போய்விடும். ஆனாலும் நாங்கள் அதைப் புத்தகம் என்றுதான் சொன்னோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் ஸ்குவாட்ரன் லீடர் பெர்க்மான்ஸ் இறங்கினார். மணப்பாட்டுக்காரர், என்னைவிட ஏழு வயது சின்னவர். ஏணியில் இறங்கும்போதே கால் நடுங்கியது. நேராகச் சக்கரத்தின் நிழலில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"நீங்களே மெடிக்கலுக்கு ஏத்தி விட்டுருவீங்க போலிருக்கே. தண்ணி கொடுங்க மாசி."

பாட்டிலை வாங்கிக் குடித்தார். பாதி சட்டையில் போனது.

"இன்னைக்கு எவ்வளவு பக்கத்துல சார்?"

"போன மாசம் நாலு கிலோமீட்டர். போன வாரம் ஒன்னு. இன்னைக்கு..." கையை நீட்டி எதிரே நின்ற எண்ணெய் லாரியைக் காட்டினார். "அது நிக்கில்லா, அம்புட்டுத்தான். நான் திரும்புனா திரும்புது. மூக்கைத் தூக்குனா தூக்குது. முன்னாடில்லாம் ஒரு நொடி பிந்தித் திரும்பும், பாத்துக்கிடுங்க. இன்னைக்குப் பிந்தல. நான் நெனைக்கும்போதே திரும்புது."

"ஒரு ஏவுகணை விட்டுப் பாக்க வேண்டியதுதானே சார்."

"பெட்டியை வச்சுக் கேட்டேன் மாசி. நீ யாருன்னு. பதில் வந்துச்சு."

"என்னன்னு?"

"நம்மவன்னு. இன்னைக்கு உள்ள நம்பரை அப்படியே சொல்லுது."

அந்த எண் தினமும் காலை ஆறு மணிக்கு மாறும். தளத்தில் அதைத் தெரிந்தவர்கள் நாலு பேர்.

"இதையாவது எழுதுங்க சார். இது விளையாட்டில்ல."

"எழுதுனா என்ன நடக்கும்? என்னை எறக்கிட்டு ஒரு புதுப் பயலை ஏத்துவானுவ. அவன் அதைப் பாத்த ஒடனே கையைக் காலை ஒதறிக் கடல்ல கொண்டு போடுவான். அதுக்கு நான் பாத்துட்டுப் போறேன். எனக்குப் பழகிருச்சு." பழகியவர் முகமாக அது இல்லை. டேப்லெட்டை வாங்கி 'பெட்டி விட்டு விட்டுப் பதில் சொல்கிறது' என்று எழுதினார். "மன்னிச்சிருங்க மாசி. மறுபடியும் ஒங்க தலையிலதான் வெடியுது."

"எங்களுக்கு இது புதுசா சார்?"

அவர் போனபிறகு எழுதினேன்: கார்டு மாற்றப்பட்டது, எண் 4417. கையெழுத்து. அந்த விமானத்துக்கு அது ஏழாவது முறை.

மறுநாள் அவர் ஏறுவதற்கு முன்னால் பெட்டி மூடிமேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஜெபம் பண்ணுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு என்னைக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடி வரச் சொன்னார்கள். உள்ளே ஃபேன் சத்தம்தான் கேட்டது. திரைக்கு முன்னால் ஃப்ளைட் லெப்டினன்ட் தாட்சாயணி. பெருந்துறைப் பெண், விமானங்களை ஏற்றி இறக்கும் அதிகாரி. அவளுக்குப் பின்னால் தளத்தின் தலைவர் குரூப் கேப்டன் சாரங்கன் நின்றார்.

"உன் பெட்டி ரெண்டா தெரியுது மாசிலாமணி" என்றார். "ஒரு பெட்டி ரெண்டு இடத்துல எப்படிய்யா தெரியும்?"

திரையில் இரண்டு புள்ளி. கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இரண்டிலும் பெர்க்மான்ஸ் விமானத்தின் எண். இரண்டிலும் அன்றைய ரகசிய எண்.

"கோளாறுன்னுதான் நானும் நினைச்சனுங்க" என்றாள் தாட்சாயணி. அவள் உதடு வெளுத்திருந்தது. "அப்புறம் ரெண்டும் பேசுச்சு."

ஒரு பித்தானை அழுத்தினாள். "கிழக்கே இருந்து வாரேன், எறங்க அனுமதி கொடுங்க." பெர்க்மான்ஸ் குரல். இன்னொரு பித்தான். "தெக்கே இருந்து வாரேன், எறங்க அனுமதி கொடுங்க." அதுவும் பெர்க்மான்ஸ். மூச்சு வாங்குவது கூட ஒன்றுபோல இருந்தது. ரேடியோவில் தமிழ் பேசக் கூடாது. அன்றைக்கு யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

"கேமராவுல பாத்தீங்களா மேடம்?"

"பாத்தாச்சுங்க. ரெண்டும் ஒரே விமானம். எண், பெயிண்ட், எல்லாம். ஆளுக்கொரு அலைவரிசை கொடுத்து வெச்சிருக்கேன். வீட்டுக்காரம்மா பேரு கேட்டேன், பாப்பா எந்த வகுப்புன்னு கேட்டேன். போன கிறிஸ்துமஸுக்கு எனக்கு என்ன அனுப்புனீங்கன்னு கேட்டேன். ரெண்டும் முட்டை போடாத கேக்குன்னு சொல்லுதுங்க."

"ரெண்டையும் இறக்கி ஓரமா நிறுத்திட்டு விசாரிக்கலாமே சார்" என்றேன்.

சாரங்கன் என்னை முறைத்தார். "எது எதைச் சுமந்துக்கிட்டு வருதுன்னு உனக்குத் தெரியுமா? ரன்வேக்கு இந்தப் பக்கம் குண்டுக் கிடங்கு. அந்தப் பக்கம் நானூறு குடும்பம். உன் பொண்டாட்டி பிள்ளை எங்க இருக்காங்க?"

"அப்ப கடல்ல குதிக்கச் சொல்லுங்க."

"ரெண்டும் குதிச்சா? படகு அனுப்பி ரெண்டு பெர்க்மான்ஸையும் தூக்கிட்டு வந்து உன் வீட்டுல வச்சுக்கிறியா?" அவர் கை தொலைபேசி மேல் இருந்தது. மறுமுனையில் ஏவுகணைக்காரர்கள் காத்திருந்தார்கள். "எரிபொருள் இன்னும் ஒன்பது நிமிஷம். ஆறாவது நிமிஷத்துல எது நம்ம ஆளுன்னு தெரியணும். தெரியலைன்னா ரெண்டையும் அடிப்பேன். எனக்கு வேற வழி இல்ல. நீதான் அந்த விமானத்தோட தினமும் கெடக்கிற. ஏதாவது சொல்லு."

என் மூளை வேலைக்காரன் மூளை. ஒரு பொருளைப் போலவே இன்னொன்று செய்யவேண்டுமென்றால் பொருளை முன்னால் வைத்துப் பிரித்துப் பார்த்துத்தான் செய்ய முடியும் என்று நினைக்கிற மூளை. இவ்வளவு அச்சாகச் செய்திருக்கிறது என்றால் உள்ளே ஒவ்வொரு திருகாணியையும் பார்த்திருக்கிறது. அப்படியென்றால் உள்ளே எது மாறியது, எது மாறவில்லை என்று அதற்குத் தெரியும். பெர்க்மான்ஸுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது என் கையெழுத்து மட்டும்.

"சார், ஒரு கேள்வி இருக்கு. அவருக்குத் தெரியாத கேள்வி."

"தெரியாததைக் கேட்டு?"

"நேத்து அவர் பெட்டியில பழுதுன்னு எழுதினார். நான் கார்டை மாத்திட்டேன்னு எழுதினேன். ஆனா மாத்தலை சார். மூடியே திறக்கலை. ஏழு தடவையும் அப்படித்தான்."

அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பொய்க் கையெழுத்தா?" சாரங்கன் குரல் இறங்கிவிட்டது.

"ஆமா சார். அப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க. கார்டு மாத்தினேனா இல்லையான்னு ரெண்டையும் கேளுங்க. மாத்துனதா சொல்றவர் புத்தகத்தை நம்பின மனுஷன். மாத்தலைன்னு சொல்றது உள்ள பாத்த சாமான்."

தாட்சாயணி திரும்பி என்னைப் பார்த்தாள். "அவருக்கு உறுதியாத் தெரியாதுங்களா?"

"ஆபீஸர் எங்க மேடம் இதையெல்லாம் பாக்கறாங்க?"

சாரங்கன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தாட்சாயணி இரண்டு அலைவரிசையையும் சேர்த்துத் திறந்தாள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டுச் சொல்லக் கூடாது என்பதற்காக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றாள். கேள்வியைக் கேட்டாள். பதிலைத் தனித்தனியாகப் போட்டுக் காட்டினாள்.

தெற்கு: "மாத்தினார். எண் 4417. கையெழுத்துப் போட்ட பெறகுதான் நான் ஏறினேன்."

கிழக்கிலிருந்து முதலில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அந்த நிலையிலும் சிரித்தது. "மாத்தல. திருகாணியில தூசி அப்படியே கெடக்கு. மாசி பாவம், அவர் மேல குத்தமில்ல."

எனக்கு அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது. இவ்வளவு நன்றாக மனுஷனைப் போலச் சிரிக்கிறதே என்று நினைத்தேன்.

"தெற்கு நம்ம ஆள் சார்" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

சாரங்கன் தொலைபேசியில் ஒரே ஒரு சொல் சொன்னார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டு வெள்ளைக் கோடு மேகத்துக்குள் போனது. கிழக்கு அலைவரிசை திறந்தபடியே இருந்தது. அதை மூட யாருக்கும் தோன்றவில்லை.

"என்ன தாட்சாயணி, என் மேல ஏவுகணை லாக் ஆகுது? மாசி, நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?"

அப்புறம் இரைச்சல்.

தெற்கு விமானம் அழகாக இறங்கியது. ஏணியைப் போட்டேன். பெர்க்மான்ஸ் சார் இறங்கி வந்தார். அதே முகம், கன்னத்தில் அதே அம்மைத் தழும்பு. கால் நடுங்கவில்லை. என் தோளில் கை வைத்தார். கை சூடாகத்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஒரு மனுஷனைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். டேப்லெட்டை வாங்கி 'பழுது ஏதும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

"மாசிலாமணி" என்று பின்னாலிருந்து சாரங்கன் கூப்பிட்டார். "உன் விவகாரத்தை நாளைக்குப் பேசலாம். முதல்ல போய் அந்தக் கார்டை நிஜமா மாத்து. இப்பவே. என் கண்ணு முன்னாடி அந்தப் புத்தகம் பொய்யா இருக்கக் கூடாது."

ஸ்டோர்ஸுக்குப் போய் அலமாரியிலிருந்து 4417ஐ எடுத்தேன். சீல் பிரிக்காத பொட்டலம். விமானத்துக்கு வந்து மூடியின் எட்டுத் திருகாணியையும் கழற்றினேன். சுலபமாக வந்தன. பழைய கார்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன்.

புதுக் கார்டு. அதன் ஓரத்தில் அச்சடித்திருந்த எண் 4417.

இடது கையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். 4417.

ஸ்டோர்ஸிலிருந்து வேறொரு கார்டு கொண்டுவந்து பெட்டியில் செருகினேன். மூடியைத் திரும்ப மாட்டும்போது திருகாணி இரண்டு தடவை கீழே விழுந்தது. அடுத்து ரேடியோ பெட்டியைத் திறந்தேன். அதிலும் நான் புத்தகத்தில் மட்டும் மாற்றியவை அத்தனையும் புதிதாக இருந்தன. ஒரு கீறல் இல்லை, ஒட்டிய பிசுக்கு இல்லை. எழுதியிருந்ததெல்லாம் அதில் இருந்தது. எழுதாதது எதுவுமே இல்லை.

தாட்சாயணியை கேன்டீன் பின்பக்கம் கூப்பிட்டு இரண்டு கார்டையும் காட்டினேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் புரிந்துகொண்டாள்.

"விமானத்தைப் பாத்துச் செய்யலைங்க அது" என்றாள். "நாம எழுதி அனுப்புனதைப் படிச்சுச் செஞ்சிருக்குது. காத்துல போறது பூரா அதுக்குக் கெடைக்குது. ரகசிய எண்ணும் அப்படித்தான். அந்த கேக் விஷயம், நான் அவருக்கு போன்ல மெசேஜ் போட்டதுங்க. வீட்டுக்காரம்மா பேரு, பாப்பா வகுப்பு, எல்லாம் போன்ல இருக்கறது."

"அவர் தூசியைப் பாத்தது போன்ல இல்லை."

"இல்லீங்க."

"அவர் எதுக்கு மேடம் தூசியைப் பாக்கணும்? ஆபீஸருக்கு என்ன வேலை அங்க?"

அவள் கார்டைப் பார்த்தபடி சொன்னாள். "உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னார். பழுதுன்னு பொய் எழுதறது நானு, மாட்டிக்கறது மாசின்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாருங்க. ஒவ்வொரு தடவையும் நீங்க மூடியைத் திறக்கறீங்களா, நல்ல கார்டைக் கழட்டி வம்புல மாட்டறீங்களான்னு பாத்துக்குவாராம். அடுத்த மாசம் எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டு மெடிக்கலுக்குப் போறேன்னார். உங்க மேல விசாரணை வராம இருக்கறதுக்கு."

நாற்பத்தோரு வருஷத்தில் என் கையை ஒரே ஒருத்தர் பார்த்திருக்கிறார். அவரைத்தான் நான் கை காட்டினேன்.

மறுநாள் இரண்டு பேரும் சாரங்கனிடம் போனோம். கார்டுகளை மேசையில் வைத்தோம். அவர் தொடவில்லை. நாங்கள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். முகத்தில் இருந்த ரத்தம் வடிந்ததைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபிறகுதான் பேசினார்.

"புதன்கிழமை இந்தத் தளம் ஒரு அந்நியப் பொருளைச் சுட்டு வீழ்த்தியிருக்கு. மேலிடத்துல பாராட்டி எழுதியிருக்காங்க. விமானி பத்திரமா இருக்கார். மருத்துவப் பரிசோதனையில எல்லாம் சரி. ரத்தம் அவர் ரத்தம். இதுக்கு எதிரா உங்ககிட்ட என்ன இருக்கு? ஏழு தடவை பொய் எழுதினவன் வாய்வார்த்தை."

"ரெண்டு கார்டு இருக்கே சார்."

"தொழிற்சாலையில எண்ணை ரெண்டு தடவை அடிச்சிட்டான்." கார்டுகளை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டார். "நான் நம்ம ஆளைச் சுடலை மாசிலாமணி. புரியுதா? நான் சுடலை. உன் விசாரணையை நிறுத்தி வைக்கிறேன். போ."

அந்த ஞாயிறு குடியிருப்புக் கடையில் ஜெனோவாவைப் பார்த்தேன், பெர்க்மான்ஸ் சாரின் மனைவி. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, அன்னைக்கு அவரைக் காப்பாத்துனது நீங்கதானாமே. ஒங்களுக்காக கோயில்ல மெழுகுதிரி ஏத்துனேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு வருசமா தூக்கத்துல கத்துவாவ. தலையணையைக் கடிச்சுக் கிழிச்சிருக்காவ. இப்ப அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதாவ அண்ணே. ஒரு சத்தம் கெடையாது. மூச்சுச் சத்தம் கூடக் கேக்கல."

அந்தக் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அது சிரிக்கவில்லை. அம்மாவின் சேலையை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் ஒரு சோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை அது என் பணிமனைக்கு வந்தது. அதை இனி அவர் என்று எழுத என்னால் முடியாது. எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

"மாசி, ஒரு விஷயம் வெளங்கல. அன்னைக்குக் கிழக்கே நின்னது, கார்டு மாத்தலன்னு ஏன் சொல்லிச்சு? புத்தகத்துல மாத்தினதா இருக்கே."

அதற்குத் தெரியவில்லை. மனுஷன் செய்யாததைச் செய்ததாக எழுதுவான் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. உண்மையைச் சொன்னால் பிடிபட்டுவிடும். அடுத்த தடவை இரண்டு குரல் வந்தால் பிரித்துச் சொல்ல எதுவுமே இருக்காது.

"அது பொய் சொல்லிச்சு சார்."

"பொய்." அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோலச் சொன்னது. "எதுக்கு?"

"உயிர் பயத்துல சொல்லியிருக்கும்."

தலையை ஆட்டியது. எழுந்து போய்விட்டது.

அன்றைய பட்டியலில் ஆறு விமானங்கள் கடல்மேல் போவதாக இருந்தன. முன்னால் போவது அது. பின்னால் ஐந்து பேர், எல்லாம் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பையன்கள். எதற்காக அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆறு போய் ஆறும் திரும்பி வரும். ஆறும் 'பழுது ஏதும் இல்லை' என்று எழுதும்.

நான் டேப்லெட்டை எடுத்து அதன் விமானத்துக்கு எழுதினேன்: எண்ணெய்க் குழாயில் கசிவு. பறக்கக் கூடாது.

ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. அது வந்தது, படித்தது, நம்பியது. "எத்தனை நாள் ஆகும்?" என்றது. "பார்ட் வரணும் சார்" என்றேன். முன்னால் போக ஆளில்லாமல் மற்ற ஐந்தும் நின்றன. மறுநாள் பிரேக் என்று எழுதினேன். அதற்கடுத்த நாள் டயர். மறுபடியும் கசிவு, பிரேக், டயர். பன்னிரண்டு நாள் அதைத் தரையில் நிறுத்தி வைத்தேன். என் கையில் இருந்த ஒரே ஆயுதம் அதுதான். சாரங்கன் எதையும் கேட்கவில்லை. என்னைக் கண்டால் வேறு பக்கம் போனார். தாட்சாயணி யாருக்கும் சொல்லாமல் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். காற்றில் அனுப்பவில்லை. காகிதத்தில் எழுதி, ஊருக்குப் போகும் தம்பியிடம் கொடுத்து அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிய நாளாகும். அதுவரை நான் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் அது என் பக்கத்தில் வந்து நின்று, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோபப்படவில்லை. அவசரப்படவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு நான் பணிமனையில் இருந்தேன். எஞ்சின் சத்தம் கேட்டது. வெளியே ஓடி வந்து பார்த்தபோது அதன் விமானம் ஓடுபாதையின் தொடக்கத்தில் நின்றது. பின்னால் வரிசையாக ஐந்து.

டேப்லெட்டைத் திறந்தேன். முந்தின நாள் நான் எழுதிய பழுதுக்குக் கீழே ஒரு வரி இருந்தது. 'டயர் மாற்றப்பட்டது. பறக்கலாம்.' அதற்குக் கீழே என் கையெழுத்து. என் கையெழுத்தேதான். 'மா'வின் கடைசியில் நான் போடும் கொக்கி வரை.

டயர் மாற்றப்படவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை.

கட்டுப்பாட்டு அறைக்கு போன் போட்டேன். தாட்சாயணி எடுத்தாள். நான் கத்தியது அவளுக்குக் கேட்டது. அவள் சாரங்கனிடம் கத்தியது எனக்குக் கேட்டது. அனுமதி கொடுக்காதீங்க சார், கொடுக்காதீங்க சார் என்று மூன்று தடவை சொன்னாள். அப்புறம் போனை அவர் வாங்கினார்.

"என்ன மாசிலாமணி?"

"சார், அது நான் போட்ட கையெழுத்து இல்ல. டயர் மாத்தவே இல்ல. நிறுத்துங்க சார், அஞ்சு பசங்க போறாங்க."



"புத்தகத்துல மாத்தினதா இருக்கே" என்றார்.

முதல் விமானம் என்னைக் கடந்து போனது. கண்ணாடிக்குள்ளிருந்து அது என் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டியது. அதற்குப் பின்னால் இரண்டாவது கிளம்பியது. மூன்றாவதை ஓட்டிய பையன் தெரிந்த பையன்தான், அவனும் கை காட்டினான். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, ஆறாவதும் மேகத்துக்குள் போகிறவரை எண்ணினேன்.